மாவு பொங்கவே இல்லை

ஸ்டேஷன் ரோட்டில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிப் பெண் ஒருத்தியின் தாலிச் சங்கிலியை மோட்டார் பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகல். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். அவள் "அய்யோ, திருடன், திருடன்" என்று தமிழில் கத்தியிருக்கிறாள். சுற்றி இருந்த ஜனம், ஏதோ மதராசி அம்மாள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று அதன் பாட்டுக்குப் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் நாலைந்து பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "நீங்கதான் பி.டி. டீச்சராச்சே, எங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுங்களேன்" என்றார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. புனேக்குப் பக்கம் சிஞ்ச்வட்டில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். மதுரைக்காரி. என் வாய்க்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பார் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவை தற்காப்புப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு வாரப் படிப்புதான் என் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு ஊரையே காப்பாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

சொசைட்டியின் மீட்டிங் ரூம், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஜமுக்காளம் விரித்துக் கூடுவோம். பாங்க் ஆபீசர் மனைவி, டீச்சர், புதிதாகக் கல்யாணமாகி வந்த சின்னப் பெண்கள், எல்லாம் தமிழ்தான். சேலையை இடுப்பில் சொருகச் சொன்னாலே ஒரு சிரிப்பு. கத்தச் சொன்னால் அதற்கு மேல். காய்கறிக்காரனிடம் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேரம் பேசுகிறவர்கள்தான், "வாச்வா" என்று கத்துங்கள் என்றால் தொண்டையில் முள் சிக்கியதுபோல் முனகுவார்கள். காப்பாற்றுங்கள் என்பதற்கு மராத்தியில் வாச்வா. தெருவில் தமிழில் கத்திப் பிரயோஜனமில்லை என்று சங்கிலி போனவள் எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தாளே. ஆகையால் நான் ஒவ்வொருத்தியையும் நிற்க வைத்து, "வாச்வா, வாச்வா" என்று கத்த வைப்பேன். செக்ரட்டரி இரண்டு தடவை மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு மாமி. கும்பகோணத்துப் பக்கம். கணவர் பாங்கில் பெரிய வேலையிலிருந்து ரிடையரானவர். மாமாவைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் ஒரே புகழ்ச்சி. மாமி பை தூக்கி யாரும் பார்த்ததில்லை, எங்கே போனாலும் கூடவே வந்து பையை அவர்தான் வாங்கிக்கொள்வார். வகுப்புக்கும் அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, முடிகிற நேரத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். "மனுஷன்னா அப்படி இருக்கணும்" என்று பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் குத்திக் காட்டுவதற்கு அவர்தான் அளவுகோல். மாமி வகுப்பில் அதிகம் பேச மாட்டார். முழங்கால் வலி என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா பொழுதுபோக்குக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது எப்படி என்று பாடம். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கம்தான் பிடியில் இடைவெளி இருக்கும். அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஜோடி ஜோடியாக நின்று இழுத்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துச் சின்னப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனுக்குக் கார் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. அவள் கேட்டாள்:

"ஏனுங்க்கா, நின்னுட்டு இருந்தாச் சரிங்க. படுத்திருக்கறப்ப, மேல உக்காந்துட்டு ரெண்டு கையையும் புடிச்சுட்டா எந்தப் பக்கமுங்க திருப்பறது?"

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.  முகாமில் அதற்கும் ஒரு வழி காட்டியிருந்தார்கள். நான் ஜமுக்காளத்தில் படுத்து, பாதத்தை ஊன்றி, இடுப்பை எம்பி, மேலே இருப்பவனை ஒரு பக்கமாக உருட்டித் தள்ளுவது எப்படி என்று செய்து காட்டினேன்.  நாற்காலியிலிருந்து மாமி, "இன்னொரு தடவை காட்டுடி, கொழந்தைக்குச் சரியாத் தெரியல" என்றார். காட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அவரு நல்லவருங்க்கா. கோவம் வந்தாத்தான் கை நீட்டிருவாரு." கோபம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டேன். தலைப்பை இன்னும் இறுக்கித் திருகினாள். "ஊருக்குப் போயிடேன்டி" என்றேன். "அப்பா சேத்த மாட்டாருங்க. இன்னும் தங்கச்சி இருக்காளுங்க" என்றாள்.  அவன் கழுத்தைத் திருகிப் போட வேண்டும்போல் இருந்தது. தெருவில் பைக்கில் வருகிறவனிடமிருந்து சங்கிலியைக் காப்பாற்றுவதற்கு வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன், சங்கிலியைக் கட்டியவனிடமிருந்து ஆளைக் காப்பாற்றுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் அவள் பெயரைச் சொல்லாமல், "ஒருத்திக்கு வீட்டுக்குள்ளயே ஆபத்துன்னா என்ன செய்யறது" என்று பேச்சை ஆரம்பித்தேன். எல்லோருக்கும் யாரைப் பற்றி என்று தெரியும். வெளியே தமிழில் கத்தினால் ஒருத்தருக்கும் புரியாது. வீட்டுக்குள்ளேயோ, யாருக்குப் புரியக் கூடாதோ அவனுக்கு மட்டும் நன்றாகப் புரியும். எங்கள் கதி அப்படி. அந்தப் பெண் வீடு ஆட்டோவில் போகிற தூரம், போன் கிடையாது. பில்டிங்குக்குக் கீழே பி.சி.ஓ. டெலிபோன் பூத் உண்டு, ஆனால் புருஷன் பக்கத்தில் நிற்காமல் பேச முடியாது. யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி ஒரு வார்த்தை வேண்டும், அதைச் சொன்னால் உடனே ஆள் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

என்ன வார்த்தை? "கேஸ் தீந்து போச்சுன்னு சொல்லலாம்" என்றாள் ஒருத்தி. நிஜமாகவே தீர்ந்து போகிறதே, வேண்டாம். "பால் திரிஞ்சு போச்சு?" சித்திரை வெயில் அப்போது, தினம் ஒரு வீட்டில் பால் திரிந்துகொண்டிருந்தது. வேண்டாம். நடக்கவே நடக்காத ஒன்றாக இருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். அப்போது சங்கிலி போனவள் சொன்னாள்: "மாவு பொங்கவே இல்லன்னு சொன்னா?" எல்லோரும் கைதட்டினோம். அந்த வெயிலில் காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பாத்திரத்தைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. மாவு பொங்கவில்லை என்று எந்த மகராசி சொல்லப் போகிறாள்? அப்படி ஒருத்தி சொன்னால் விஷயம் வேறு. அத்தனை பேரும் ஊரிலிருந்து வந்து புனேக் குளிரைப் பார்த்தவர்கள்தான். ஒருத்திக்காவது டிசம்பர் ஞாபகம் வந்திருக்கக் கூடாதா!

போன் மாமி வீட்டுக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். என் வீட்டுப் போனுக்கு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். மாமி வீடு எனக்கு அடுத்த தெரு, அதோடு மாமா எப்போதும் வீட்டில் இருப்பார், அவசரத்துக்கு ஓர் ஆம்பிளைத் துணை. பெரியவர்கள் வீடு என்பதால் அந்தப் பெண்ணின் புருஷனும் தடுக்க மாட்டான். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

மழைக்காலம் போயிற்று, தீபாவளி போயிற்று. போன் வரவில்லை. அவள் வகுப்புக்கு வருகிற ஞாயிறுகள் குறைந்தன. வந்தபோது ஒரு தடவை, "மிக்ஸி ஜார ஒடச்சுப் போட்டாருங்க்கா, கிரைண்டரும் இல்ல, இப்பெல்லாம் சப்பாத்திதானுங்க" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். மார்கழி வந்தது. புனேவில் அந்தக் குளிர் வந்துவிட்டால் தமிழ் வீடுகளில் அழுகைதான். எங்கே இரண்டு பேர் சந்தித்தாலும், "மாவு பொங்கவே மாட்டேங்குது" என்பதுதான் முதல் பேச்சு. கம்பளியைச் சுற்றி வை, அடுப்பு பக்கத்தில் வை, கையால் கலக்கு என்று ஆளுக்கொரு வைத்தியம். நானும் சொல்லியிருக்கிறேன், எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை எதற்காக எடுத்து வைத்தோம் என்பது என் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். சொசைட்டி கேட் பக்கத்தில் காய்கறி வண்டி. மாமி வெந்தயக்கீரைக் கட்டு பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார், பையைப் பிடித்துக்கொண்டு மாமா. என்னைப் பார்த்ததும் மாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு காலம்பற போன் பண்ணினா. மாவு பொங்கவே இல்லையாம். வெந்நீர்ப் பாத்திரத்துல வைடின்னு சொன்னேன்."

நான், "இந்தக் குளிர்ல எங்க பொங்குது மாமி" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டியது. அவள் வீட்டில் மாவு ஏது? ஜாரை உடைத்துப் போட்டானே. அரைக்காத மாவு எப்படிப் பொங்காமல் போகும்?

திரும்பினேன். எனக்குத் தலைகால் தெரியவில்லை. "மாமி, உங்களுக்கு அறிவிருக்கா? காலைல வந்த போனு, இப்பவா சொல்றீங்க? அந்தப் பொண்ணு செத்துக் கெடந்தா யாரு பதில் சொல்றது?" என்று நடுத்தெருவில் கத்தினேன். வண்டிக்காரன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மாமி கீரைக் கட்டைக் கீழே வைத்தார். மாமாதான் சிரித்துக்கொண்டு, "அவளுக்கு எப்பவுமே புத்தி கொஞ்சம் மட்டுதாம்மா, நீ மனசுல வச்சுக்காதே" என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன், இவருக்குப் போய் இப்படி ஒரு மக்குப் பெண்டாட்டி என்று அந்த அவசரத்திலும் நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

மூன்றாவது மாடி. கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. சமையலறை ஜன்னல் நடையைப் பார்த்து இருக்கும், கம்பி போட்டது. அதில் முகத்தை வைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.  கடைசியில் தரையிலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல் வந்தது. அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கன்னமும் காதும் வீங்கி, காதிலிருந்து வழிந்தது கழுத்தில் காய்ந்திருந்தது. இரண்டாவது ஷிப்டுக்குப் போகும்போது வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"கத்தலையாடி? நான் அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே, வாச்வான்னு கத்தலையா?"

"வாயில வரலீங்க்கா. அம்மான்னுதான் வந்துச்சுங்க."

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மராத்தி அம்மாள் வெளியே வந்தார். காலையில் ஒன்றும் கேட்கவில்லையா என்று என் ஓட்டை மராத்தியில் பாய்ந்தேன். கேட்டது, நீங்கள் பேசுவதே சத்தம்தானே, சண்டையா பேச்சா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். "அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஊரிலிருந்து அவள் அம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவர், "அக பாயீ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். வாட்ச்மேன் வந்து, சொந்தக்காரர் இல்லாமல் பூட்டில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் பேசினான். அந்த அம்மாள் அவனுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு வந்து, கொண்டி பெயர்ந்து வரும்வரை தானே அடித்தார்.

உள்ளே போய் அவளைத் தூக்கி நிறுத்தியபோதுதான் காலையில் நடந்ததைச் சொன்னாள். விடியும்போதே ஆரம்பித்திருக்கிறான். தோசை வேண்டும் என்று சத்தம் போட்டிருக்கிறான். மாமியிடம் மாவு கேட்கிறேன் என்று சாக்குச் சொல்லிக் கீழே பி.சி.ஓ.வுக்கு வந்து, அவன் பக்கத்தில் நிற்கும்போதே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு! வெந்நீரில் வை என்று பதில் வந்திருக்கிறது.

"மேல வந்து கதவச் சாத்துனாருங்க. 'வீட்டுல மாவே இல்ல, எந்த மாவுடி பொங்கல? யாருக்குடி ஜாடை சொன்னே?'ன்னு கேட்டுக் காதோட சேத்து அறஞ்சாருங்க்கா."

நாங்கள் கைதட்டித் தேர்ந்தெடுத்த வார்த்தை அது. அவளைக் காப்பாற்றுவதற்கு என்று கொடுத்தோம். அது அவளைக் காட்டிக் கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது, அந்தக் காதில் முன்போல் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அங்கிருந்து போலீஸ் சௌக்கிக்குப் போனோம். என்ன நடந்தது என்று அவளே சொல்ல வேண்டுமாம். அவளுக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. தமிழில் சொன்னாள்: "கோவத்துல கை நீட்டிட்டாருங்க." நான் இருந்த ஆத்திரத்தில் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மராத்தியில் போட்டேன், "ஹாத் புடே கேலா" என்று. ஹவல்தார் புருவத்தைத் தூக்கி, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். மராத்தியில் அதற்கு, உதவி செய்யக் கை கொடுத்தான் என்று அர்த்தமாம். "நல்ல புருஷனாச்சே தாயி, எதற்கு இங்கே வந்தீர்கள்?" என்றார். "மார்லா! அடிச்சான்! காதக் கிழிச்சுட்டான்!" என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை, நாளைக்குச் சமாதானமாகிவிடும் என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். பி.சி.ஓ.விலிருந்து அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டோம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு" என்றார் அவர். அவள் பழக்கத்தில் ரிசீவரைக் கிழிந்த காதில் வைத்துக்கொண்டிருந்தாள், அதனால் அது ஒட்டி நின்ற என் காதில்தான் விழுந்தது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவே யாருக்கும் சொல்லாமல் பக்கத்து வீட்டிலிருந்து என் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, ரயிலேறி வருவதாகச் சொன்னாள். புருஷன்காரன் ஒரு தடவை என் வாசலுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், பின்னால் நான் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் எந்நேரமும் திரும்பி வருவான் என்ற பயத்தில் நாங்கள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தேன். வைக்காமல் விட்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். காதில் பஞ்சு, மேலே ஸ்கார்ஃப். மாமியும் வந்திருந்தார். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இனிமே ஜாடை கிடையாது, மாவு கிடையாது, மண்ணாங்கட்டி கிடையாது" என்று ஆரம்பித்தேன். "கை நீட்டிட்டாரு, கோவிச்சுக்கிட்டாரு, இந்தப் பேச்செல்லாம் வேணாம். சௌக்கில போயி நின்னா அது அங்க செல்லாது. நேரா, உள்ளதச் சொல்லணும். 'என்னை அடிக்கிறான்.' அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்லுங்க. முதல்ல தமிழ்ல வாய் வரட்டும், மராத்தி அப்புறம் பாத்துக்கலாம்."

சங்கிலி போனவள் எழுந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "அய்யோ, எங்க வீட்டுக்காரரு பாவம், எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு" என்றாள். சிரித்தார்கள். "சிரிக்காதீங்க" என்று அதட்டினேன். அடுத்தவள் சொன்னாள், அதற்கடுத்தவள் சொன்னாள். ஒருத்தி "என்னை" வரைக்கும் வந்து நிறுத்திவிட்டாள், மறுபடி சொல்ல வைத்தேன். கோயமுத்தூர்ப் பெண் எழுந்து, எல்லோரையும் பார்த்து, "என்ன அடிச்சானுங்க" என்றாள். அவனை அவள் அவன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 

மாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்னை அடிக்கிறார்."

எரிச்சலாக இருந்தது எனக்கு. "மரியாதையெல்லாம் இங்க எதுக்கு மாமி? பழக்கத்துக்குத்தானே சொல்றோம். அடிக்கிறான்னு சொல்லுங்க" என்றேன்.

"வரலைடி" என்றார். "என்னை அடிக்கிறார்."

யாரோ கையிலிருந்த வளையலைச் சுற்றுவதை நிறுத்தினாள்.  கோயமுத்தூர்ப் பெண் பஞ்சு வைத்த காதை மாமி பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தலையைத் திருப்பி, "மாமி என்னங்க்கா சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டாள். 

மாமியே அவள் பக்கத்தில் போய் நல்ல காதுப் பக்கமாகக் குனிந்தார். "அடிக்கிறார்னு சொன்னேன்டி கொழந்தே. மாமா. முப்பது வருஷமா." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னிக்கு இவ போன் பண்ணினப்பவே எனக்குப் புரிஞ்சுதுடி. அவர் பக்கத்து சேர்ல உக்காந்துண்டு பேப்பர் படிச்சிண்டிருந்தார். போன் பேசினா ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுண்டிருப்பார். நான் வேற என்ன பதில் சொல்ல முடியும்? தனியா வெளில விட மாட்டார். சாயங்காலம் நீ வர நேரத்துக்குக் கீரை வேணும்னு சொல்லி இறங்கி வந்து, அவர் இருக்கறப்பவே உன் காதுல போட்டேன். நீ சட்டுனு புரிஞ்சிண்டியேன்னு இருந்தது."

நான் நடுத்தெருவில் அவரைத் திட்டிவிட்டு ஆட்டோ ஏறிப் போன பிறகு, அந்தக் கீரையோடு அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனதை நினைத்தேன். மேலே நினைக்க முடியவில்லை. "இனிமே அங்க போகாதீங்க மாமி" என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரி குரலாகக் கேட்டது. "எங்க வீட்டுக்கு வந்துருங்க. இன்னிக்கே. இவளும் இருக்கா. இருங்க."

மாமியின் முகத்தில் கோபமில்லை, அழுகையுமில்லை. "இவளுக்கு அவ அம்மா வரா" என்றார். "நான் வந்தா, எத்தனை நாளைக்குடி?"

 கீழே மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாமி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, வாசலில் கழற்றியிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டார். நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். ஒருத்திக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.